சாவி கொடுக்க வேண்டாத கடிகாரம்

என் தம்பி சன்னாசிக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்திரண்டு வருடம் நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் பகாவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். நான் சுங்கை காடுட்டில், ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். காரில் கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரத்தில் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். நான்தான் நிற்கவில்லை.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மறந்துவிடும். கையுறைக்குள் காற்றை நிரப்பி, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கூடையில் வீசுவது. பத்தொன்பது வருடமாக இதையே செய்கிறேன். "ஓட்ட பாத்துப் பாத்து அம்மாவுக்கு மனுசங்களையும் ஊதிப் பாக்கற புத்தி வந்துருச்சு" என்று என் மகள் ரோகினி சொல்வாள். அவளுக்கு என் வாய் அப்படியே வந்திருக்கிறது, நான் யாரைக் குறை சொல்ல முடியும்?

எனக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது அப்பாவின் கைக்கடிகாரத்தால். சிரிக்க வேண்டாம். நிலத்துக்கும் நகைக்கும் அடித்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. எங்களிடம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. இருந்தது ஒரு கடிகாரம்தான்.

அப்பா பெயர் முனியாண்டி. தம்பின் டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ஒரு வருடம் பெரிய வெள்ளம் வந்தபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நாய் கால்வாயில் அடித்துக்கொண்டு போயிற்று. அப்பா குதித்து நீந்தி அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தத் துரை ஊருக்குத் திரும்பும்போது தன் கையில் கட்டியிருந்த சுவிஸ் கடிகாரத்தைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது எட்டு வயது. சன்னாசிக்கு ஐந்து. அந்த நாய்க்கு நாங்கள் எத்தனையோ நாள் நன்றி சொல்லியிருக்கிறோம்.

அது தானாக ஓடும் கடிகாரம். கை ஆடினால் போதும், அதுவே முறுக்கிக்கொள்ளும். கணக்கு எழுதும் கிராணி கட்டியிருந்ததைக்கூட தினமும் முறுக்க வேண்டும். அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. எங்கள் லயத்து வீடுகளில் யார் கிடைத்தாலும் கையை நீட்டி, "சாவி குடுக்கவே வேணாம்டா. நான் ஒழைச்சா அதுவும் ஒழைக்கும்" என்பார். என்னையும் தம்பியையும் மாறி மாறி மடியில் உட்கார வைத்து, அதைக் கழற்றி எங்கள் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே கிர்ர்ர் என்று ஏதோ சுற்றும். அந்தச் சத்தத்துக்காக நானும் அவனும் சண்டை போட்டிருக்கிறோம்.

தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள். அப்பா வேலையை விட்டார். எனக்குக் கல்யாணம் ஆகி நான் சிரம்பான் பக்கம் வந்தேன். சன்னாசி லோரி ஓட்டப் பகாவுக்குப் போய், அங்கே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு எடுத்து அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொண்டான். கடைசி வரைக்கும் அவர் கையில் அந்தக் கடிகாரம் இருந்தது. கட்டியிருக்கிற கடிகாரத்தை யார் கழற்றிக் காதில் வைத்துக் கேட்கப் போகிறார்கள்? நானும் கேட்கவில்லை.

அப்பா படுத்த படுக்கையான சமயத்தில் கடிகாரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழ் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. கடிகாரம் நின்றுபோனது. அப்பா, "ஓட வச்சுக் குடுடா, ஓட வச்சுக் குடுடா" என்று பிள்ளையைப் போல் நச்சரித்தார். சன்னாசி அதைப் பகாவில் ஒரு கடைக்கு எடுத்துப் போனான். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "கடைக்காரன் தெறக்கவே முடியலன்னுட்டான்பா" என்றான். அடுத்த இரண்டு வாரத்தில் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து இலையில் உட்கார்ந்திருந்தது. என் அத்தை மயிலம்மாள், அப்பாவின் தங்கை, "குமுதவல்லி, மூத்தவ நீ வச்சுக்க" என்று கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சின்னப் பிள்ளை மாதிரி அதைக் காதில் வைத்து ஆட்டினேன். சத்தமே இல்லை. இன்னொரு தரம் ஆட்டினேன். கிர்ரும் இல்லை, ஒன்றும் இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குமிழ்தானே விழுந்தது, உள்ளே இருந்தது எங்கே போகும்? கடைக்கு எடுத்துப் போனது யார்? அந்த மாதம்தான் சன்னாசி ஒரு பழைய மோட்டர் சைக்கிள் வாங்கியிருந்தான். எனக்கு வேறென்ன வேண்டும்? வாயைத் திறந்தேன்.

"டேய், அப்பா சாவறதுக்குள்ள அவரு வாட்ச்சோட குடலை உருவி வித்துத் தின்னுட்டியாடா?"

மொத்தப் பந்தியும் நின்றுபோனது. அவன் கையில் சோற்றுக் கவளம் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"தெறக்கவே முடியலக்கா" என்றான். அவ்வளவுதான்.

"வாட்ச்ச தெறக்கத் தெரியாதவன் வாட்ச்சு கட வச்சிருப்பானா? யார்கிட்ட கத விடற?"

அவன் கவளத்தை இலையில் வைத்தான். எழுந்து போய்க் கை கழுவினான். அந்த மோட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்தை தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். நான் அடங்கவில்லை. எழுந்து போனதே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையை நான் அடுத்தவர் வாயால்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணம் ஆனது, பிள்ளை இல்லை, முதுகு வலி, சொந்தமாக லோரி எடுத்தது, கோயில் திருவிழாவுக்கு ஐஸ் கட்டியும் தண்ணீரும் அவன் லோரியில்தான் வருகிறது, எல்லாம் காதில் விழும். என்னோடு சமாதானம் பேச அவன் ஒரு முறையும் வரவில்லை. அவனுக்கும் பிடிவாதம் குறைச்சல் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ரோகினி பெரியவளானபோது ஒரு முறை வந்தான். தாய்மாமன் சீர்த் தட்டு கையில். எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றான். நான் போய் "வா" என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை அனுப்பித் தட்டை மட்டும் வாங்கி வரச் சொன்னேன். அவன் தட்டைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். இதை எழுதும்போது எனக்கு என்னையே இரண்டு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது.

போன வருடம் ரோகினிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை முகுந்தன், நல்ல பையன், அதிகம் பேசமாட்டான், அவளுக்கு அதுதான் சரி. நாள் குறித்ததும் ரோகினி என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, மாமா வந்து மால போட்டு அழைச்சிக்கிட்டு வந்தாத்தான் நான் மணவறைக்கு வருவேன். இல்லன்னா நீங்களே போயி உக்காந்துக்கோங்க லா."

எனக்குத் தெரியாமல் அவள் பகாவுக்குப் போய் மாமன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாலு வருடமாகவாம்!

"வாட்ச்சுலேருந்து எடுத்தத திருப்பி வைக்கட்டும். அப்புறம் வரட்டும்" என்றேன்.

"என்ன எடுத்தாரு?"

"என்னமோ. உள்ள இருந்தத."

"என்ன எடுத்தாருன்னு ஒங்களுக்கே தெரியாது. ஒரு தடவையாச்சும் தெறந்து பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்ததோடு சரி. சரி, இதற்கும் ஒரு முடிவு கட்டிவிடுவோம் என்று எனக்கும் வீம்பு வந்தது. ஒரு நல்ல கடையில் கொடுத்து, இன்னின்ன சாமான் இல்லை என்று எழுதி வாங்குவது. பழுது பார்க்கத் தேறும் என்றால் பார்த்து மாப்பிள்ளை கையில் கட்டுவது. எழுதி வாங்கிய தாளைச் சன்னாசியின் மூஞ்சியில் நீட்டுவது. அவன் தலை குனியட்டும், அப்புறம் தாய்மாமனாக வரட்டும். இதுதான் என் திட்டம். நல்ல திட்டம்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை ரோகினி காரில் தம்பினுக்குப் போனோம். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு எது வாங்குவதென்றாலும் அந்தக் காலத்தில் தம்பின்தான். பாசார் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கடிகாரக் கடை இருப்பதாக ரோகினியின் தோழி சொல்லியிருந்தாள். ஆள் இரண்டு பேர் நின்றால் நிரம்பிவிடுகிற கடை. உள்ளே தூடோங் முக்காடு கட்டிய ஒரு பெண், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் ஷஹீதா.

"ரிப்பேர் பண்றவரு இல்லையாம்மா?" என்றேன்.

"நான்தான்க்கா. ஆம்பள வேணும்னா எங்க அத்தா வீட்டுல படுத்திருக்காரு. என்னால ஆவலன்னா எழுப்பறேன்."

ரோகினிக்குச் சிரிப்பு. நான் கடிகாரத்தை எடுத்து வைத்தேன்.

"இதுல என்னென்ன காணோம்னு பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கணும், தங்கச்சி."

"ரிப்பேருக்கா, கேசு போடவா?"

"ரெண்டுக்கும் ஆவற மாதிரி எழுது."

அவள் கடிகாரத்தை ஒரு பிடியில் இறுக்கி வைத்து, பின்மூடியில் ஒரு கருவியைப் பொருத்தித் திருகினாள். நழுவியது. மறுபடி திருகினாள். கையுறை போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, உடம்பு பாரத்தைப் போட்டுத் திருகினாள். ம்ஹூம்.

"என்னாக்கா இது, தெறக்கவே முடியல" என்றாள்.

இதே வார்த்தையை நான் எங்கே கேட்டேன் என்று எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ரோகினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த கடிகாரங்களைப் பார்த்தேன்.

ஷஹீதா மூடியின் விளிம்பை விளக்கில் காட்டிப் பார்த்தாள். சுற்றிலும் காப்பிக் கறை போல் ஏதோ படிந்து இறுகியிருந்தது. "யாரோ பசை போட்டு ஒட்டிருக்காங்க" என்று ஊசியால் சுரண்டினாள். மேல் படிவு தூளாக உதிர்ந்தது. அடியில் இருந்தது உதிரவில்லை. ஊசியோடு சேர்ந்து நூலாக இழுபட்டு வந்தது. விட்டதும் சுருங்கிக்கொண்டது.

"அதக் குடு இப்படி" என்றேன்.

கையில் வாங்கி நசுக்கினேன், இழுத்தேன், மோந்து பார்த்தேன். நான் பிறந்தது பால்மரக் காட்டில். இன்றைக்கும் சோறு போடுவது ரப்பர்தான். எனக்கா தெரியாது?

"இது பசை இல்ல தங்கச்சி. பாலு. மரத்துப் பாலு."

எங்கள் லயத்தில் ஒழுகும் எதற்கும் அதுதான் மருந்து. கூரைத் தகரத்தில் ஓட்டையா, பாலைத் தடவு. சப்பாத்து வாய் பிளந்ததா, பாலைத் தடவு. சைக்கிள் டியூப், பந்து, மழைச் சட்டை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். அப்பா கடிகாரத்துக்கும் தடவியிருக்கிறார்! உள்ளே மழைத் தண்ணீர் போகக் கூடாதென்று சுவிஸ் கடிகாரத்துக்குப் பால் தடவுகிற வேலையை எங்கள் ஆளைத் தவிர உலகத்தில் வேறு யார் செய்வார்கள்?

"ஒரு நாள்ல தடவுனது இல்லக்கா" என்றாள் ஷஹீதா. "பாலு, அதுமேல அழுக்கு, வேர்வ, மறுபடி பாலு. மரைக்குள்ள எறங்கி இரும்பா இறுகிப் போச்சு. இத யாரும் ரொம்ப வருசமா தெறக்கல."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் விளிம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகத் தின்னர் விட்டாள். விட்டு விட்டுச் சுரண்டினாள். முக்கால் மணி நேரம் ஆனது. ரோகினி அந்த முக்கால் மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம் வரும். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பால்மரங்களை வெட்டிப் போட்டது எண்பத்தொன்பதில், அதற்குப் பிறகு தடவ அப்பாவுக்குப் பால் ஏது? சன்னாசி கடைக்கு எடுத்துப் போனது இரண்டாயிரத்து இரண்டில். நடுவில் பதிமூன்று வருடம். எப்படிப் போட்டாலும் அந்தக் கணக்கு எனக்குச் சாதகமாக வரவில்லை.

டக்கென்று ஒரு சத்தம். மூடி அசைந்தது.

ஷஹீதா திறந்து, மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தாள். பார்த்தவள் "அல்லா!" என்று சிரித்துவிட்டாள். ஊசி முனையால் கீறிய சின்ன எழுத்துகள் இருந்தன. பழுது பார்க்கிறவர்கள் அடுத்து வருகிறவருக்குத் தெரியட்டும் என்று தங்கள் அடையாளத்தையும் தேதியையும் இப்படிக் கீறி வைப்பார்களாம்.

"இது எங்க அத்தா கீறுனது லா. ஹாஜா மைதீன், எண்பத்து மூணு, ஆறாம் மாசம். வேற ஒரு கீறலும் இல்ல. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கலக்கா."

"உள்ள என்ன காணோம்?" என்றேன்.

"ரோட்டர் மட்டும் இல்ல. அரை வட்டத் தகடு. கை ஆடினா அது சுத்தும், அதுதான் கடியாரத்த முறுக்கும். மத்ததெல்லாம் பத்தரமா இருக்கு."

அவள் போனை எடுத்துத் தன் அப்பா ஹாஜா மைதீனை எழுப்பினாள். பெரியவர் தூக்கம் கலைந்த எரிச்சலோடு பேசினார். ஷஹீதா ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"பாலு பூசுன வாட்ச்சா? அந்தத் தோட்டத்து ஆளு... முனியாண்டி! நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு மரம் வெட்டற கையி. உளியப் புடிச்சு வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கற இழுப்புல ரோட்டர் ஆடி ஆடி அச்சு தேஞ்சு போயிரும். ரெண்டு தடவ மாத்திக் குடுத்தேன். மூணாந்தடவ சாமான் கெடைக்கல. இந்த வேலைக்கு இது தாங்காதுய்யா, ரோட்டர எடுத்துர்றேன், தெனம் காலைல கையால சாவி குடுத்துக்கன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டு, வெளிய சொல்லிராதீங்க பாய்ன்னாரு. அடுத்த வருசம் வாரு மாத்த வந்தப்ப பாத்தா, சுத்தி பாலைப் பூசி வச்சிருக்காரு! ஏசுனேன். இனிமே இத எவனும் தெறக்க முடியாதுய்யான்னு சொன்னேன்."

போன் அடங்கியது. கடைக்குள் எத்தனையோ கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முதலில் வந்தது நிம்மதி. என் தம்பி திருடன் இல்லை! நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அப்பா சாகக் கிடக்கும்போது அவர் பொருளில் கை வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக நெஞ்சில் வைத்துக் கட்டியிருந்த ஒரு கல்லை யாரோ அவிழ்த்துக் கீழே போட்டதுபோல் இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புமுன், விடியாத நேரத்தில், சாமிப் படத்துப் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். சத்தம் போடாதே, அப்பா சாமி கும்பிடுகிறார் என்று தம்பியை அதட்டியிருக்கிறேன். சாமியாவது பூதமாவது! சாவி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். சாவியே வேண்டாத கடிகாரம் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட மனிதர், இனி எப்படி மாற்றிச் சொல்வார்? தினமும் முறுக்கி முறுக்கித்தான் அந்தக் குமிழ் தேய்ந்து விழுந்திருக்கிறது. அட அப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"இப்ப சொல்லுங்கக்கா" என்றாள் ஷஹீதா. "ரிப்பேர் பண்றதா வேணாமா? சுத்தம் பண்ணா ஓடும். ரோட்டர் வேணும்னா, செத்துப்போன வேற வாட்ச்சு ஒண்ணு தேடி எடுத்துப் போடணும். சாவிக் குமிழ் இதுக்குன்னு உள்ளது கெடைக்காது, வேற ஏதாச்சும்தான் போடணும், பாக்க ஒட்டாது. எல்லாம் பண்ணா வாட்ச்சோட வெலைய விட செலவு ஜாஸ்தி. விக்கறதுக்குன்னா தேறாது. கட்டிக்கறதுக்குன்னா தேறும்."

"ரோட்டர் இல்லாம ஓடுமா?"

"ஒங்க அப்பா இருபது வருசம் ஓட்டிருக்காரே."

"அப்ப ரோட்டர் வேணாம். எங்கப்பா கட்டுன மாதிரியே ஓடட்டும். குமிழ் மட்டும் பாரு."

"பேப்பர்ல எழுதணும்னீங்களே?"

"எழுது தங்கச்சி. காணாமப் போனது, குமுதவல்லிக்குப் புத்தின்னு எழுது."

ரோகினி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "தேதி ரெண்டாயிரத்து ரெண்டுன்னு போடுங்க அக்கா" என்றாள்.

கடிகாரத்தை ஒருவனிடம் காட்டிவிட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டு நேராகப் பகாவுக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல் சொல்லாகச் சேர்த்து வைத்தேன். சன்னாசி வாசலில் குழாயைப் பிடித்து லோரி கழுவிக்கொண்டிருந்தான். நரைத்திருந்தான். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அப்பாவேதான். திரும்பி என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினான்.

"வாக்கா" என்றான். நேற்றுத்தான் வந்துபோனவளைக் கூப்பிடுவதுபோல.

சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கே போனதோ. கடிகாரத்தை நீட்டினேன்.

"டேய், இதத் தெறக்கவே முடியலடா."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் அப்பவே சொன்னேன்லக்கா" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான்.

"சொன்னடா. நான்தான் கேக்கல. நான் தப்பு பண்ணிட்டேன் சன்னாசி. பெரிய தப்பு பண்ணிட்டேன்." தெருவென்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தா, அழாத. உள்ள வா. ஊரே பாக்குது" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். அவன் மனைவி என்னைப் பார்த்து மிரண்டுபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ரோகினி நடந்ததையெல்லாம் சொன்னாள். பாலைத் தடவிய இடம் வந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி கும்பிட்ட இடத்தில் இருவருக்குமே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம்.

பிறகு அவன் எழுந்து உள்ளே போனான். ஒரு தைல டப்பாவோடு வந்தான். திறந்தான். உள்ளே பஞ்சு. பஞ்சின் நடுவில் அந்தச் சாவிக் குமிழ்.

"அப்பா மெத்தையப் பிரிச்சப்ப தையலுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அவரு போயி நாலு மாசம் இருக்கும்."

"ஏன்டா குடுக்கல? இத்தன வருசமா வச்சிருக்கியே!"

"குடுத்திருந்தா நீ என்ன சொல்லிருப்ப?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். பார்த்தீர்களா, திருடியதை ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறான் என்று அத்தைக்குப் போன் போட்டிருப்பேன். அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் தூக்கியும் போடாமல், கொடுக்கவும் முடியாமல், டப்பாவுக்குள் வைத்து மூடியிருக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தட்டு, பழம், பத்திரிக ஒண்ணும் கொண்டாரலடா. நாளைக்கு மொறையா வர்றேன்" என்றேன் கிளம்பும்போது.

"நீ வந்துட்டல்ல. அப்புறம் என்ன" என்றான்.

மறுநாள் தட்டோடு போனேன். குமிழை ஷஹீதா பொருத்திக் கொடுத்தாள். கடிகாரம் ஓடியது. மாப்பிள்ளைக்குப் புதிதாக ஒன்று வாங்கினோம். இது சன்னாசி கைக்குப் போனது. "லோரிலதான் மணி காட்டுதே, எனக்கு எதுக்கு" என்று கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுக் கட்டிக்கொண்டான்.

கல்யாணம் சிரம்பானில். தாய்மாமன் மாலையோடு ரோகினியை அழைத்துக்கொண்டு மணவறைப் பக்கம் வந்தபோது முன்வரிசையில் மயிலம்மாள் அத்தையும், அன்றைக்குப் பந்தியில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கிற அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தானே எடுக்க வேண்டும்? அறிவிப்புச் செய்கிற பையனிடமிருந்து மைக்கை வாங்கினேன். மேளம் நின்றது. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்கப்பா கருமாதில என் தம்பி வாட்ச்சுலேருந்து திருடிட்டான்னு சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க. அது பொய்யி. அவன் ஒண்ணும் எடுக்கல. அவன் அன்னிக்கு ஒரே ஒரு வார்த்த சொன்னான், அது நெசம். நான்தான் நம்பல. இதையும் எல்லாரும் கேட்டுக்கங்க" என்றேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு இன்னும் சொல்ல நிறைய இருந்தது. அப்பா சாவி கொடுத்த கதையைத் தொடங்கினேன்.

சன்னாசி கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அக்கா, போதும்கா. மணி பத்து பத்து. முகூர்த்தம் போவுது."

மண்டபச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சொன்னால் பத்து பத்துதான். மைக்கைக் கொடுத்துவிட்டு, "கொட்டுங்கய்யா மேளத்த" என்றேன்.